கடவுள் வாதத்தில் இறங்கும் இளையவர்களுக்கு

1. எந்தக் கேள்வியைப் பேசுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள். உலகுக்குத் தொடக்கம் உண்டா என்பது ஒரு கேள்வி. தொடங்காமலே இருந்திருந்தாலும் அது ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி. உலகம் ஒரு காலத்தில் தொடங்கியது என்பதை அறிவால் நிறுவ முடியாது என்றே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னார். முதற்காரணம் வேண்டும் என்று வாதிட்டவரும் அவர்தான்.

2. குடத்தையும் குயவனையும் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்காதீர்கள். குடம் செய்யப்பட்ட பொருள், செய்தவன் உண்டு. உலகமும் அப்படியே என்பது நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் கட்சி. மண்ணால் ஆனது என்பதற்காகக் கறையான் புற்றையும் குயவன் கணக்கில் எழுதுவீர்களா என்று பௌத்தரான தர்மகீர்த்தி மடக்கினார். நையாயிகரான உதயணர் 'நியாயகுசுமாஞ்சலி' என்று ஒரு நூலே எழுதி ஈசுவரனை நிலைநாட்ட வேண்டியிருந்தது. நம் சைவ சித்தாந்தத்தில் குயவன் நிமித்த காரணம், அதாவது செய்பவன் மட்டுமே. மண்ணின் இடத்தில் மாயை இருக்கிறது, அதுவும் அனாதி. ஆகவே 'ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் எப்படி வரும்?' என்று சித்தாந்தியிடம் கேட்டால் கேட்டவர்தான் விழிப்பார். கேட்க வேண்டியது இது: மாயை தானாகவே இருக்கலாம் என்றால், தானாகவே இயங்கக் கூடாதா? சடம் தானே இயங்காது என்பார். சண்டை அங்கேதான். அந்த இடத்துக்கு வந்து சேருங்கள்.

3. படைத்தவனை மறுப்பவரெல்லாம் வேதத்தை மறுப்பவர் அல்லர். வேதத்துக்காக மல்லுக்கு நின்ற குமாரில பட்டர், உலகைப் படைத்த ஒருவனை ஏற்கவில்லை.

4. 'அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?' என்று துள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று விவரமறிந்தவர்கள் பொதுவாக வாதிடுவதில்லை. தோன்றியதற்கோ, தன்னால் தானே நிற்க இயலாததற்கோ காரணம் வேண்டும் என்பதே வாதம். 1948-ல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு மோதிய தத்துவவாதி ரஸ்ஸல் அந்த மலிவான வழியில் போகவில்லை. முழுப் பிரபஞ்சத்துக்கும் காரணம் கேட்பதே பொருளற்றது என்று நின்றார். இருவரும் மசியவில்லை.

5. பெருவெடிப்பைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், எந்தக் கட்சிக்கும். ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகவும் அடர்ந்து, கொதித்துக் கிடந்தது என்பதுதான் இயற்பியல் தரும் செய்தி. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, அந்தக் கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. அவரே கத்தோலிக்கப் பாதிரியார்!

6. எதிராளியின் கட்சியை அவர் தலையசைக்கும்படி சொல்லிவிட்டு மறுங்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உலகாயதர் முதலான பிறர் கட்சிகளைப் பரபக்கத்தில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே தம் சுபக்கத்துக்கு வந்தார்.

7. வாதம் முழுக்க வென்றாலும் கையில் கிடைப்பது ஒரு காரணம் மட்டுமே. அது அழுதால் கேட்குமா, அருள் செய்யுமா என்பதற்குத் தனி வாதம் வேண்டும். ஆத்திகத் தம்பிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

8. சிவஞானபோதம் 12 சூத்திரம்தான். 1779-ல் வெளிவந்த ஹ்யூமின் இயற்கைச் சமய உரையாடல்களும் சிறிய நூலே. இரண்டையும் படித்துவிட்டு மேடையேறுங்கள்.