நாகசுரம் படிக்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

திருவாரூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில், நாகசுரப் பிரிவில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். பாதி சந்தோஷம், பாதி கலக்கம் அவள் குரலில். அத்தானுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்பதும் புரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பெண், நர்சிங்கோ பி.காமோ சேராமல் நாயனம் ஊதப் போகிறாளே என்று ஒரு தகப்பன் கவலைப்படுவது நியாயம்தான். நம் குடும்பத்தில் இசைக்கு வந்த முதல் ஆள் நான், அடுத்தது நீ. இசைப்பள்ளிகளில் குரலிசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பிள்ளைகள் எதனால் தேறுகிறார்கள், எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை உனக்கும், உன் மூலமாக அக்கா அத்தானுக்கும் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ சேர்ந்திருக்கும் இடத்தின் அருமையைத் தெரிந்துகொள். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மூன்றாண்டுப் படிப்பு. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். ஆண்டுக் கட்டணம் 350 ரூபாய், மாதம் 400 ரூபாய் உதவித்தொகை, போக வர இலவச பஸ் பாஸ். பணத்தைவிடப் பெரிய விஷயம், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் நாகசுரம் கற்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்தத் தொழில் உள்ள குடும்பத்தில், அதுவும் ஆண்பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டும். சின்ன வயதிலேயே குரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கதவை அரசாங்கப் பள்ளி எல்லாருக்குமாகத் திறந்து வைத்திருக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பெண்ணான நீ சீவாளியை வாயில் வைக்க முடிகிறதென்றால் அதனால்தான்.

ஆனால் குரு வீட்டில் இருந்த ஒன்று பள்ளியில் கிடைக்காது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். குரு வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். விடிகாலையில் குருவின் சாதகம், பகலில் மூத்த மாணவர்களின் வாசிப்பு, சாயங்காலம் கோயில், ராத்திரி கச்சேரி அல்லது சுவாமி புறப்பாடு. வருஷக்கணக்கில் குருவுக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுவான். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் காதில், முன்னால் குரு வாசிக்கிற ராகமெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அவன் கையில் வாத்தியம் வரும்போது, விரல்தான் புதிது, ராகம் பழகியது. உனக்கு அப்படி இல்லை. பகலில் சில மணி நேரம் வகுப்பு, பிறகு பஸ், பிறகு வீடு. வீட்டில் டிவி ஓடும். பள்ளி உனக்குப் பாடத்தைக் கொடுக்கும், காதை நீதான் சம்பாதிக்க வேண்டும். பாதியில் நின்றுபோன பிள்ளைகளில் பலர் கைத்திறமையில் குறைந்தவர்கள் இல்லை. கேட்டது போதாமல்தான் நின்றுபோனார்கள்.

இதற்குத் திருவாரூரைப்போல வசதியான ஊர் வேறு கிடைப்பது அரிது. தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பிறந்த ஊர் என்று பெருமை பேசிக்கொண்டு இருந்துவிடாதே, அந்த ஊரைப் பயன்படுத்து. வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்பு முடிந்ததும் நேராகத் தியாகராஜர் கோயிலுக்குப் போய், சாயரட்சை முடியும்வரை இருந்துவிட்டு வா. உற்சவ காலத்தில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். தவில்காரருக்கு இரண்டடி தள்ளி நின்று கேள். எந்த இடத்தில் காலம் மாறுகிறது, நாகசுரக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார், தவில்காரர் எங்கே அவருக்காகக் காத்திருக்கிறார் என்று கவனி. காலையில் பூபாளம், பிலஹரி, ராத்திரி பள்ளியறையில் நீலாம்பரி என்று பொழுதுக்கு ஒரு ராகம் பழகியவர்கள் கோயில் வித்வான்கள். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த விஷயம், பிராகாரத்தில் நின்று கேட்டால்தான் உடம்பில் ஏறும். கோயிலுக்குப் போகாத நாட்களில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பையும் போனில் போட்டுக் கேள். வேறு வேலை எதுவும் செய்யாமல் கேள். ஒரு வாரம் முழுக்க ஒரே ராகம் போதும்.

அடுத்து, பாடு. வாயில் வராதது வாத்தியத்தில் வராது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று எந்தப் பாடம் நடந்தாலும், அதைத் தாளத்தோடு பாடிவிட்டு அப்புறம் ஊது. நாகசுர மாணவர்கள் பலர் குரல் சரியில்லை என்று சொல்லிப் பாடாமல் தப்பித்துக்கொள்வார்கள். உன் குரல் இனிமையாக இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. சுரம் தன் இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும், தயாராக இரு. சீவாளியை நனைத்து, கெண்டையில் பொருத்தி ஊதினால் ஆரம்பத்தில் காற்றுதான் வரும், அல்லது கீச்சென்று ஒரு சத்தம். உதடு மரத்துப்போகும், வயிறு இழுக்கும். ஒரே துளை, ஒரே விரல் அமைப்பு, ஆனால் உதட்டின் பிடியும் மூச்சின் வேகமும் மாறினால் சுரம் மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அதனால்தான் ஆசிரியர் உன்னை வாரக்கணக்கில் ஸட்ஜத்திலேயே நிற்க வைப்பார். சலித்துக்கொள்ளாதே. காலையில் முதல் வேலையாக ஒவ்வொரு சுரத்தையும் நீளமாகப் பிடித்து ஊது. அகாரம், துத்துகாரம், தன்னகாரம் என்ற ஊதும் முறைகள் எல்லாம் அந்த மூச்சு நிலைத்த பிறகு தானாக வசப்படும். கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ உறவுக்காரர்கள் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னால், முதல் ஆண்டு முடியும்வரை பணிவாக மறுத்துவிடு. அவசரப்பட்டு சினிமாப் பாட்டைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு விரல் வேகமாக ஓடும், சுருதி சேராது. அந்தப் பழக்கத்தை அழிப்பதற்குள் ஆசிரியருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நாகசுரம் வீட்டுக்குள் அடங்குகிற வாத்தியம் இல்லை. எங்கே சாதகம் செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கொல்லைக்கு அப்பால் வயல் மேட்டிலோ, பகலில் ஆளில்லாத பிள்ளையார் கோயில் மண்டபத்திலோ இடம் பார்த்துக்கொள். அக்கம்பக்கத்தாரிடம் அக்கா முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடட்டும். பொதுத்தேர்வு மாதங்களில் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள். வாத்தியத்தையும் நீங்களாகப் போய் வாங்க வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில்தான் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உன் ஆசிரியர் கூட வந்து ஊதிப் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். அதுவரை அவர் ஏற்பாடு செய்து தரும் பழைய வாத்தியமே போதும்.

இனி அக்கா அத்தானுக்கு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மகளைச் சேர்த்து மூன்று மாதம் ஆன ஒரு தாய் என்னிடம் வந்து, “சார், இன்னும் ஒரு பாட்டுகூட வரலையே, பிள்ளைக்கு வராதோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லாப் பெற்றோர் மனதிலும் இருக்கிறது. இசை தெரியாத வீட்டில் முன்னேற்றத்தை அளக்கப் பாட்டைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டைக் கேட்காதீர்கள், நேற்றைவிட இன்று சத்தம் நடுங்காமல் நிற்கிறதா என்று கேளுங்கள். அதே பள்ளியில் தவில் படித்த ஒரு பையனின் தகப்பனார் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தாளம் என்றால் என்னவென்றே தெரியாது. பையனிடமே ஆதி தாளத்தை மட்டும் கற்றுக்கொண்டார். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, மகன் பலகையில் சாதகம் செய்து முடிக்கும்வரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். பையன் ஓடினாலும் அவர் ஓடமாட்டார். அந்தப் பையனின் காலப்பிரமாணம் கடைசிவரை அசையவே இல்லை. அத்தான் இதைத்தான் செய்ய வேண்டும். தினம் அரைமணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டால் போதும். அவர் கவலையும் பாதி குறைந்துவிடும்.

பிழைப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். மூன்றாண்டு முடித்த சான்றிதழ் இருந்தால், அறநிலையத் துறைக் கோயில்களில் நாகசுர வித்வான் பணிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். திருவையாறு, சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் உள்ள அரசு இசைக்கல்லூரிகளில் மேலே படிக்கலாம். திருவையாறு உனக்குக் கிட்ட. ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் பள்ளிகளில் இசை ஆசிரியர் ஆகும் வழியும் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று நம்பி உட்கார முடியாது. ஆகவே தொலைநிலையில் ஒரு பட்டப்படிப்பையும் இப்போதே தொடங்கு. அத்தானுக்குத் தைரியம் வரும், உனக்கும் பின்னால் உதவும். கல்யாணக் கச்சேரி வருமானம் தை, வைகாசி, ஆவணியில் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் வற்றிவிடும். வருகிறபோதே சேர்த்துவைக்கப் பழகு.

பெண் நாகசுரம் வாசிக்கலாமா என்று யாராவது கேட்டால் வாதாடி நேரத்தை வீணாக்காதே. மதுரை பொன்னுத்தாய் எத்தனையோ பத்தாண்டுகளுக்கு முன்பே வாசித்துப் பெயர் வாங்கிவிட்டார். காலீஷாபி மஹபூப், கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்ந்து 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சுஹாஞ்சனா என்ற பெண் தேவாரம் பாடும் ஓதுவாராகவே நியமிக்கப்பட்டார். வழி இருக்கிறது. வெளியூர்க் கச்சேரிக்குப் போகும் காலம் வரும்போது மட்டும் சில விஷயங்களில் கறாராக இரு. யார் செட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவது, சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். முதல் சில வருஷம் வீட்டு ஆள் ஒருவர் கூட வரட்டும்.

கடைசியாக ஒன்று. அரசாங்கப் பள்ளி என்பதால் குறைகளும் இருக்கும். சில ஊர்களில் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அப்படி நேர்ந்தால் சான்றிதழ் வந்தால் போதும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து துறைக்கு எழுதுங்கள், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். தனியார் பள்ளியில் பணம் கட்டிய பெற்றோர் கேட்கிற உரிமையோடு கேளுங்கள், இது உங்கள் வரிப்பணத்தில் நடக்கிற பள்ளி. நீயும் காத்திருக்காமல், அக்கம்பக்கத்து ஊர்களில் உள்ள வித்வான்களிடம் போய்ப் பாடம் கேள்.

லீவில் நீ இங்கே வரும்போது எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று மாமா கேட்கமாட்டேன். தோடியை யார் யாரிடம் கேட்டாய், ஒருவர் வாசித்ததற்கும் இன்னொருவர் வாசித்ததற்கும் எங்கே வித்தியாசம் என்றுதான் கேட்பேன். பாடிக் காட்டிப் பதில் சொல்லத் தயாராக வா.

அன்புடன்,
மாமா