கித்தார் பெட்டிக்கு எந்த மரம், எந்த இணைப்பு?

கித்தார் ஆம்ப்ளிஃபையரின் ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெறுமனே மேசைமேல் வைத்து வாசித்தால் எப்படி இருக்கும்? கீச்சென்ற மெல்லிய ஒலிதான் கேட்கும். கித்தாரின் தடித்த கம்பி ஏறக்குறைய காணாமலே போய்விடும். அதே ஒலிபெருக்கியை மீண்டும் பெட்டியில் பொருத்தினால் அறையே அதிரும். மின்சுற்றில் எந்த மாற்றமும் இல்லை. சில பலகைகள் சேர்ந்தன, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம், இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அலைகளின் குறுக்கீடு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. ஆகவே முன்னும் பின்னும் புறப்படும் அலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. தடித்த கம்பியின் அதிர்வெண் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால் அதன் அலைநீளம் 4.2 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒலிபெருக்கியின் விளிம்பை எளிதாகச் சுற்றி வந்து முன்புற அலையை அழித்துவிடும். 3,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 11 சென்டிமீட்டர்தான். அது அப்படி வளைந்து வராமல் நேராகவே செல்வதால் கீச்சொலி மட்டும் மிஞ்சுகிறது. இந்த இரண்டு அலைகளையும் பிரித்து வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

பிரிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் பைன் பலகையில் பெட்டி செய்து, துணி ஒட்டி விற்றது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்புறம் பாதி திறந்தே இருக்கும். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துத் தம் முதல் ஆம்ப்ளிஃபையரை உருவாக்கினார். ஆனால் மார்ஷலின் புகழ்பெற்ற நான்கு ஒலிபெருக்கிப் பெட்டி, முற்றிலும் மூடப்பட்ட பர்ச் பிளைவுட் பெட்டி. திறந்த பெட்டியில் ஒலி பின்புறமும் சென்று அறையெங்கும் பரவும். மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலக் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும். கீழ்ச்சுரங்கள் இறுக்கமாக, நேரே முன்னால் வரும். இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு மரத்தை எடுத்தாலும், மூலைகளை ஒரே முறையில்தான் இணைத்தன. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பலகை. வீட்டில் பாட்டுக் கேட்கும் ஒலிப்பெட்டி, பதிவானதை அப்படியே தர வேண்டும். பெட்டி தன் குரலைச் சேர்க்கக்கூடாது. கித்தார் பெட்டி அப்படியல்ல. அது கித்தாரோடு சேர்ந்த இன்னோர் இசைக்கருவி. கொஞ்சம் அதிர்ந்தால் குற்றமில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, இந்த மரம் தேன்போல ஒலிக்கும், அந்த மரம் வெண்கலம்போல ஒலிக்கும் என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். மரத்தின் பெயரைவிடப் பலகையின் தடிமன் அதிக வேலை செய்கிறது. பலகையின் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 12 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 18 மில்லிமீட்டர் போட்டால் தடிமன் 1.5 மடங்கு, விறைப்போ 1.5 × 1.5 × 1.5, அதாவது ஏறக்குறைய 3.4 மடங்கு. எடை 1.5 மடங்குதான் கூடும். அதனால்தான் 18 மில்லிமீட்டர் என்ற அளவு இத்துறையில் நிலைத்துவிட்டது.

எடையையும் கணக்கிடுவோம். 50 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம், 25 ஆழம் கொண்ட பெட்டிக்கு, மேல், கீழ், இரு பக்கப் பலகைகளின் மொத்தப் பரப்பு 0.475 சதுர மீட்டர். 18 மில்லிமீட்டர் தடிமனில் கன அளவு 0.00855 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பைன் சுமார் 500 கிலோ என்றால் நான்கு பலகைகளும் 4.3 கிலோ. ரப்பர் மரம் (சுமார் 640 கிலோ) 5.5 கிலோ, பர்ச் பிளைவுட் (சுமார் 680) 5.8 கிலோ, எம்டிஎஃப் (சுமார் 750) 6.4 கிலோ. முன்பலகையும் ஒலிபெருக்கியும் இதற்குமேல். பயிற்சிக்கு மாடிப்படி ஏறுபவருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும்.

எம்டிஎஃப் மலிவு, வெட்ட எளிது. ஆனால் அதன் விளிம்பில் திருகாணி பிடிக்காது, மூலை இடிபட்டால் பொடிந்துவிடும், ஈரம் பட்டால் உப்பிவிடும். நம் நாட்டு வெக்கைக்கும் மழைக்கும் வேனில் ஏற்றி இறக்கும் பெட்டிக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளைவுட் வாங்கினால் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கிடையே ஓட்டை தெரிந்தால் வேண்டாம். உள்ளே தளர்ந்து கிடக்கும் அடுக்கு சில சுரங்களில் 'ஸ்ஸ்' என்று இரையும். பைன் வேண்டுமென்று பழைய பாலெட்டைப் பிரிப்பவர்கள் அதன் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அதைத் தொட வேண்டாம்.

ரப்பர் மரத்தை நாம் பால் தரும் மரமாகவே அறிவோம். 25, 30 ஆண்டுகள் பால் வெட்டியபின் அதைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் அந்த மரம் பெரும்பாலும் விறகாகத்தான் போனது. இன்று மூவாரின் தளவாடத் தொழிற்சாலைகளில் அது மேசையாகவும் நாற்காலியாகவும் மாறுகிறது. உங்கள் வீட்டில் ரப்பர் மர மேசை இருந்தால் அதன் பரப்பை உற்றுப் பாருங்கள். சிறு துண்டுகள், ரம்பப் பல் போன்ற கோடுகளில் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அந்தக் கோட்டில்தான் நம் அடுத்த பாடம் இருக்கிறது.

மரம் என்பது நீண்ட மெல்லிய குழாய்களின் கட்டு. ஒரு கட்டு உறிஞ்சு குழல்களைக் கையில் பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பசை தடவி ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். குழல்களின் வாய்ப்பக்கத்தில் தடவினால் பசை உள்ளே போய்விடும், ஒட்டும் பரப்பும் குறைவு. மரமும் அப்படியே: நார்களின் பக்கம் நன்றாக ஒட்டும், நார் முனை சரியாக ஒட்டாது. ஒரு பலகையின் முனையை இன்னொன்றின்மேல் வைத்துப் பசையிட்டு ஆணியடித்தால் ஒட்டும் பரப்பு 18 × 250, அதாவது 4,500 சதுர மில்லிமீட்டர். அத்தனையும் நார் முனை! மேசைத் துண்டுகளில் பல் வெட்டுவது இதனால்தான். முனை சரிவாகிவிடுகிறது, பசைக்கு நார்களின் பக்கம் கிடைக்கிறது.

பெட்டியின் மூலையில் அதே வேலையைச் செய்வது விரல் இணைப்பு. இரு கைவிரல்களையும் கோத்துப் பாருங்கள், அதுதான் வடிவம். 25 சென்டிமீட்டர் ஆழத்தில் 18 மில்லிமீட்டர் அகல விரல்கள் ஏறக்குறைய 14 வரும். அவற்றுக்கிடையே 13 தொடுமுகங்கள். ஒவ்வொன்றும் 18 × 18 = 324 சதுர மில்லிமீட்டர். மொத்தம் 4,212, எல்லாமே நார்ப்பக்கம். விரலின் அகலத்தைப் பாதியாக்கி 9 மில்லிமீட்டரில் வெட்டினால் 27 தொடுமுகங்கள், 8,748 சதுர மில்லிமீட்டர். பசையின் அளவு அல்ல, வடிவம்தான் வலிமையை இரட்டிக்கிறது. ஃபெண்டரும் மார்ஷலும் தேர்ந்தெடுத்தது இந்த இணைப்பைத்தான்.

முழு மரத்தில் இன்னொரு விதியும் உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். குளிர்சாதன அறைக்கும் வெளியே உள்ள புழுக்கத்துக்கும் மாறி மாறிப் போனால் 25 சென்டிமீட்டர் பலகை நாருக்குக் குறுக்கே 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மாறலாம். நாரின் நீளத்திலோ மாற்றம் மிக மிகக் குறைவு. ஆகவே நான்கு பலகைகளிலும் நார் பெட்டியைச் சுற்றி ஒரே திசையில் ஓட வேண்டும். அப்போது நான்கும் சேர்ந்தே விரியும். ஒன்றில் மட்டும் நார் ஆழத்தின் திசையில் ஓடினால் அது மற்றவற்றோடு மல்லுக்கட்டும். கடைசியில் இணைப்போ பலகையோ வெடிக்கும்.

விரல் வெட்டக் கருவி இல்லாதவர்கள் பிளைவுட்டை எடுத்துக்கொள்ளலாம். மூலையின் உட்புறம் 20 மில்லிமீட்டர் சதுரக் கட்டையைப் பசையிட்டுத் திருகினால் போதும். பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அதிகம் விரியாது. அதே கட்டையை முழு மரப் பெட்டியில் ஒட்டினால் நார்கள் குறுக்காகச் சந்தித்து, மேலே சொன்ன சண்டை தொடங்கிவிடும். முன்பலகைக்கு எந்தப் பெட்டியானாலும் பிளைவுட்டே நல்லது. அதில் ஒலிபெருக்கிக்காக சுமார் 28 சென்டிமீட்டர் வட்டம் வெட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் செய்வது ஒலிபெருக்கிப் பெட்டி மட்டுமாக இருக்கட்டும். வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறக்காதீர்கள். அதனுள் 300, 400 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். புதுப் பெட்டியின் ஓம் அளவு ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்துகிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டபின் இணையுங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் அணியுங்கள், எம்டிஎஃப் என்றால் கட்டாயம்.

பசையிடும் முன் பெட்டியை ஒருமுறை பசையில்லாமல் கோத்துப் பாருங்கள். பிறகு பசையிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கியதும், அது காயத் தொடங்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். 50க்கு 45 பெட்டியில் பைதாகரஸ் விதிப்படி இரண்டும் 67.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த மூலைவிட்டத்தின் திசையில் இன்னொரு கிளாம்ப் போட்டு மெல்ல இழுத்தால் நேராகும். மறுநாள்வரை அசைக்க வேண்டாம். ஒலிபெருக்கியைப் பொருத்தியபின் கைப்பேசியில் 60 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஆம்ப்ளிஃபையர் வழியே விடுங்கள். எந்த அதிர்வெண்ணில் சலசலப்பு கேட்கிறதோ, அப்போது ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சலசலப்பு எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பசை போதவில்லை அல்லது திருகாணி தளர்ந்திருக்கிறது.