அறிவித்தல் வந்தது, இடம் வரவில்லை

ஊவா மாகாண சபைத் தேர்தல் 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி நடைபெற்றது. சரியாக 39 நாட்களின் பின்னர், ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்று முதல் நாட்களில் செய்திகள் கூறின. பின்பு அந்தத் தொகை குறைந்தது. ஆயினும் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அந்த நேரம் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

இந்த மலை ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொன்னோம், மக்கள் போகவில்லை" என்றார்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். "போகச் சொன்னீர்கள், எங்கே போவது என்று சொன்னீர்களா?" என்று கேட்டார்கள் மக்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில்தான் கிடக்கிறது. அறிவித்தல் ஒரு கையிலும், போய் இருக்க இடமும் போவதற்கு வாகனமும் மறு கையிலுமாகச் சேர்ந்து வராவிட்டால், அந்த அறிவித்தல் கோப்பிலே கிடக்கும் ஒரு தாள்தான். அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பும் பிரதிநிதிகள்.

தோட்டத்துக் காணி ஏன் இலகுவில் கிடைப்பதில்லை? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, குடியிருப்பவர் நாம். இந்த மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காராமல் ஒரு பேர்ச் நிலமும் கைமாறாது. மீரியபெத்த குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் மக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் துணியாலும் பலகையாலும் பிரித்த இடங்களில் காலம் தள்ளிய பிறகே, 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீட்டுக்கு 7 பேர்ச். ஓர் ஏக்கரில் 160 பேர்ச் உண்டு; ஆகவே இது ஏக்கரின் இருபத்திரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. வீடு கட்டப் போதும். மாடு கட்டவும் போஞ்சி, கோவா போடவும் போதாது. பயிரை நம்பிய குடும்பங்கள் இதனை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். கூடாரத்தில் இருப்பவன் கூரையைத்தான் முதலில் கேட்பான்.

சரி, எம்.பி. என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது? இதைப் பிரித்தறிவது அவசியம். ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாண சபை உறுப்பினர் என்று நாம் தேடிப் போக ஒருவரும் இல்லை. 2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து 9 பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களில் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய மலையகத் தமிழரும் உளர். மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதல் பாராளுமன்றம் சென்றதும் இந்தத் தேர்தலிலேதான். எந்தக் கட்சியாயினும், நாம் வாக்களித்தாலும் அளிக்காவிட்டாலும், ஒன்பது பேரும் எமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே.

எம்.பி.யால் காணி உறுதி எழுத முடியாது. நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்ப்பது கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் செய்யும் வேலை. ஆனால் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க அவரால் முடியும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் அதிகாரிகள் முன்னிலையில் எமது விடயத்தை எழுப்ப முடியும். மற்றொன்றைப் பலர் அறிவதில்லை: எமது மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க அவரால்தான் முடியும். அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். அக்குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். "ஐயா, பார்த்துச் செய்யுங்கள்" என்று கைகட்டி நிற்பதைவிட, "இந்த மனுவைச் சமர்ப்பியுங்கள்" என்று கேட்பது மேலானது.

எமது அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். குடிநீர்க் குழாய்க்காகக் கூடி, எழுபதுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். திகதி போடவில்லை, பிரதி வைக்கவில்லை, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் போனபோது "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்றார்கள். பிழை அவர்களுடையது மாத்திரமல்ல. அன்று முதல் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்திருக்கிறோம். யாரிடம் கொடுத்தோம், என்ன திகதி, என்ன பதில் என்று எழுதிக்கொள்கிறோம். கூட்டங்களில் பிரதிநிதிகள் தரும் வாக்குறுதியும் அதே கொப்பியில் ஏறுகிறது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எமது லயம் இருக்கும் மலை பற்றிய அறிக்கை என்ன சொல்கிறது? வீட்டுப் பயனாளிகள் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்; மறுத்தால் மேன்முறையீடு உண்டு. பயிர் செய்யும் குடும்பங்கள் கமநல சேவை நிலையத்தில் தம்மைப் பதிந்துகொள்ள முடியுமா என்று விசாரிப்பதும் நல்லது. பதிவில் இல்லாத தோட்டம் மண்ணோடு போனால், அழிவுக் கணக்கிலும் அது வருவதில்லை.

மழை எம்.பி.க்காகவோ மனுவுக்காகவோ காத்திராது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலை தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உலுப்பியது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கொள்ளும் அளவு. பக்கங்கள் நேராக உள்ள தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து, நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே கணக்கு கிடைக்கும். 150 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 6 அங்குலம். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் இவற்றைக் கண்டால் பேணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். எமது லயத்திலிருந்து இரவில் வெளியேறினால் எந்தக் கட்டிடத்துக்குப் போவோம், அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது? நடக்க இயலாத பாட்டியை யார் தூக்குவது? அந்தக் கட்டிடத்துக்குத் தண்ணீரும் மலசலகூடமும் உண்டா? இல்லையெனில் அதைக் கேட்டு ஒன்பது பேருக்கும் ஒரே கடிதத்தை எழுதுங்கள். திகதி போடுங்கள். பிரதியைக் கொப்பிக்குள் வையுங்கள்.