தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்

சல்லி,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது.

போன கிழமை போனில் பேசும்போது, பேராதனையில் நீயும் உன் கூட்டாளிகளுமாக ஆறு பேர் வாடகைக்கு எடுத்த வீட்டில் முறை வைத்துச் சமைப்பதாகச் சொன்னாய். கேட்க மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே மூச்சில், இரவு ஆக்கிய உருளைக்கிழங்குக் கறியில் பாதி விடியப் புளித்துப் போய்க் கொட்டியதாகவும் சொன்னாய். உன்னை ஏசுவதற்கு இதை எழுதவில்லை. சமைக்கப் பழகுகிற பிள்ளைக்கு மிச்சத்தைக் கையாளவும் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதினால் குசினிச் சுவரில் ஒட்டி வைக்கலாம், முறை மாறி வருகிற பிள்ளைகளும் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள். கிழங்கைவிடத் தேங்காய்ப்பால் வெகு வேகமாகக் கெடும். ஆறு பேருக்குத் தேவையானதைவிட இரண்டு பங்கு கிழங்கை வெட்டி, அத்தனையையும் பாலுக்குள் போட்டு இறக்கிவிட்டால், மிஞ்சுவதைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆகையால் மிச்சத்தைச் சாப்பிட்டு முடிந்த பிறகு யோசிக்காதே. பால் விடுவதற்கு முன்பே பிரித்து வை. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிற மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

முத்துமாரி அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் சல்லியில் வீட்டுக்கு வீடு சொந்தக்காரர் வந்து இறங்குவது உனக்குத் தெரியும். மச்சம் அடுப்பில் ஏறாத நாட்கள். பருப்பு, கத்தரிக்காய், பூசணி எல்லாம் இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் கேட்பது கிழங்குக் கறியைத்தான். உன் அம்மம்மா அந்த நாட்களில் கிழங்கைத் தோலோடு முழுசாகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, உப்புப் போட்டு அவிக்க வைப்பா. ஓர் ஈர்க்கை எடுத்துக் குத்திப் பார்ப்பா. தடையில்லாமல் நடுவுக்குப் போனால் உடனே வடித்து, சுளகில் பரப்பி ஆவி போகவிடுவா. அந்த ஆவி போனால்தான் கிழங்கு உலர்ந்து, இறுகி நிற்கும். பிறகு எத்தனை பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் தோலை உரித்துச் சட்டிக்குள் போடுவா. மற்றது தோலோடு அப்படியே இருக்கும். ஆள் கூடினால் இன்னும் இரண்டை உரிக்கலாம், கூடாவிட்டால் அடுத்த வேளைக்கு வேறு சாப்பாடாகும். தோலோடு முழுசாக அவித்தால் கிழங்கு தண்ணீர் குடிக்காது என்பதும் இதில் ஒரு நன்மை. வெட்டி அவித்தால் தண்ணீர் ஏறிக் குழைந்துவிடும், பொரிக்க உதவாது.

நீயும் அப்படியே செய். ஒன்றரைக் கிலோ கிழங்கை ஒரே தடவையில் அவி. காஸும் மிச்சம். பாதியை இரவுக்குப் பால்கறி வை. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, கிழங்கைப் போட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்கு. தேசிக்காய்ப் புளியை அடுப்பை அணைத்த பிறகு விடு. மற்றப் பாதி ஆறியதும் மூடி பிரிட்ஜுக்குள் போகட்டும். மூன்று நாள் தாராளமாக இருக்கும்.

இனி அந்தக் குளிர்ந்த கிழங்கில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஆறிய கிழங்கு சூடான கிழங்கைப் போல இல்லை. அதன் மாச்சத்து குளிரில் இறுகிவிடும். தாச்சியில் போட்டால் உடையாது, கரையெல்லாம் பொன் நிறத்தில் மொறுமொறு என்று வரும். விடிய வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் பாணுக்குப் பிரட்டல் செய்ய இதைவிட நல்லது இல்லை. விரல் தடிப்பில் வெட்டு. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பிறகு கிழங்கு. உப்பைக் கடைசியில் தூவு. மச்சம் சாப்பிடுகிற நாளென்றால் ஒரு கரண்டி மாசித்தூள். ஓயாமல் கிண்டாதே. ஒரு பக்கம் பிடித்து நிறம் மாறும்வரை விட்டுவைத்துப் பிறகு புரட்டு. கறுக்கவும் விடாதே. மாச்சத்துள்ள சாப்பாடு அதிக சூட்டில் கருகும்போது அக்கிரிலமைடு என்ற கூடாத பொருள் உண்டாகிறது என்று 2002 ஆம் ஆண்டு சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பொன் நிறமே ருசி, அதுவே உடம்புக்கும் நல்லது.

இரண்டாவது கட்லட். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காது, மீன் அருமையாகிவிடும். அந்த நாட்களில் கையளவு அவித்த மீனைக் கிழங்கோடு சேர்த்து வீடு நிறைந்த பேருக்குப் போதுமாக்குகிற வித்தை இது. அரைக் கிலோ கிழங்குக்குக் கால் கிலோ முள் நீக்கிய மீன் போதும். சூரை, பாரை எதுவானாலும் சரி, அங்கே டின் மீன்தான் கிடைக்குமென்றால் தண்ணீரை நன்றாக வடித்து எடு. வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்து வதக்கி, மிளகுத்தூள், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசை. கிழங்கைக் கையாலோ முள்ளுக்கரண்டியாலோ மசி. மிக்ஸியில் போட்டுவிடாதே. மாச்சத்து உடைந்து வெளியே வந்து பசை மாதிரி இழுபடும், பிறகு அதைத் திருத்த முடியாது. தேசிக்காய் அளவில் உருட்டி, தண்ணீராகக் கரைத்த கோதுமை மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு நாலைந்தாகப் போட்டுப் பொரி. ஒரேயடியாகச் சட்டி நிறையப் போட்டால் எண்ணெய் ஆறி, கட்லட் வெடிக்கும். வெள்ளிக்கிழமைக்கு மீனுக்குப் பதில் அவித்த கடலையை ஒன்றிரண்டாக மசித்துச் சேர்.

ஒன்றிரண்டு கிழங்குதான் மிஞ்சியிருக்கிறதென்றால் அதற்கும் வழி உண்டு. சொதி தண்ணீராகப் போய்விட்டால் ஒரு கிழங்கை மசித்துக் கரைத்துவிடு, கூடத் தேங்காய் துருவ வேண்டியதில்லை. மிஞ்சிய பிட்டு இருந்தால் வெங்காயத்தோடு கிழங்கைப் பொடியாக வதக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, பிட்டையும் கொட்டிக் கொத்து. இரண்டு மிச்சம் சேர்ந்து இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். கறியில் உப்புக் கூடினால் கிழங்கு போடு என்று எல்லோரும் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சி எடுக்காது. உப்பில்லாத கிழங்கும் கொஞ்சம் பாலும் சேர்ந்து கறியின் அளவு கூடுவதால்தான் உப்புக் குறைவாகத் தெரிகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடு.

எவ்வளவு பிரித்து வைத்தாலும் சில இரவு பால்கறியும் மிஞ்சத்தான் செய்யும். அதை அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகாதே. உங்கள் ஊர் இரவு குளிர் என்றாலும் அந்தக் குளிர் போதாது. சாப்பிட்டு முடிந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடு. அடுத்த நாள் அதைக் கறியாக மறுபடி சுட வைத்துச் சாப்பிடுவதைவிட, குழம்பு வற்றும்வரை தாச்சியில் பிரட்டி, கிழங்கை மசித்து, வெங்காயமும் மிளகும் சேர்த்து ரொட்டிக்குள் வைத்து மடி. கடையில் வாங்குகிற மரக்கறி ரொட்டிக்குக் கொஞ்சமும் குறையாது. அன்றைக்கே முடித்துவிடு. மூன்றாம் நாளுக்குப் பால்கறியை வைக்காதே.

இந்த இடத்தில் பெரியம்மா கண்டிப்பாகச் சொல்வதைக் கேள். மிச்சத்தை மதிப்பது வேறு, கெட்டதைத் தின்பது வேறு. புளித்த மணம், நுரை, நூல் இழுக்கிற மாதிரி வழுவழுப்பு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டு. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. வெளியே கிடந்த சோறு, கிழங்கு முதலியவற்றில் வளர்கிற சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதியிலும் அழியாது. மூடி வைக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். 1994 ஆம் ஆண்டு அமெரிக்காவில் எல் பாசோ என்ற நகரத்தில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே வெளியில் வைத்திருந்து, பிறகு அதை மசித்துப் பரிமாறிய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்குப் பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய் வந்தது. காற்றுப் படாமல் சூட்டோடு மூடிக் கிடந்ததுதான் அதற்குக் காரணம். ஆகவே முதலில் ஆறவிடு, பிறகு மூடு, உடனே குளிரில் வை. இந்த வரிசை மாறக்கூடாது.

அவிக்காத கிழங்கு சாக்கில் மிஞ்சிக் கிடந்தால், அதை இருட்டான, காற்றோட்டமான மூலையில் வை. வெங்காயக் கூடைக்குள் போடாதே, ஒன்றின் ஈரத்தில் மற்றது பழுதாகும். பிரிட்ஜிலும் வேண்டாம், குளிரில் மாச்சத்து சீனியாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை வருகிற இடத்தில் சொலனின் என்ற நஞ்சும் கூடும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சின்ன முளையென்றால் கண்ணோடு ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை உள்ளே இறங்கியிருந்தாலும், கிழங்கு கசந்தாலும் எறிந்துவிடு. அந்தத் தோலை ஆட்டுக்கும் போடக்கூடாது.

ஒரு சட்டி கறிக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று உன் கூட்டாளிகள் கேட்கலாம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நீ மறந்திருக்க மாட்டாய். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றது. அந்த வருடம் செப்டெம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்படி, உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. கடையில் கிழங்கைக் கிலோவாகக் கேட்காமல் கால் கிலோவாகக் கேட்டு வாங்கிய நாட்கள் அவை. அதே 2022 இல் உலகம் முழுவதும் 105 கோடி தொன் உணவு வீணாகக் கொட்டப்பட்டது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் 60 வீதம் வீட்டுக் குசினிகளிலிருந்து போனது. இல்லாமையை நேரே பார்த்த பிள்ளை நீ. அந்தக் கணக்கில் உன் சட்டியும் சேரக்கூடாது என்பது என் ஆசை.

நீ வாங்குகிற கிழங்கைச் சும்மா யாரும் தரவில்லை. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் சரிவு நிலத்தில் குனிந்து நட்டு, மழையிலும் குளிரிலும் காத்து, தோண்டி எடுத்துத் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மாரியில் நட்டு மாசியில் கிண்டுகிறார்கள். அறுவடை நேரத்தில் வெளிநாட்டுக் கிழங்கு வந்து குவிந்தால் அவர்கள் பாடு திண்டாட்டம். நீ படித்து நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும், ஒரு பொருள் யார் கையால் உன்னிடம் வந்தது என்று நினைக்கிற பழக்கம் உன்னோடு இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆரம்பிக்கக் குசினி நல்ல இடம்.

கடைசியாக ஒன்று. ஆறு பேர் இருக்கிற வீட்டில் மிச்சம் கெடுவதற்குப் பெரிய காரணம், அது யாருடைய பொறுப்பு என்று தெரியாததுதான். சமைத்தவன் அலுத்துப் படுத்துவிடுவான், மற்றவர்கள் அவன் எடுத்து வைப்பான் என்று நினைப்பார்கள். ஆகவே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவன் சட்டியைத் தொட வேண்டாம். அடுத்த நாள் சமைக்கப் போகிறவனே இரவு மிச்சத்தை ஆற வைத்து எடுத்து வைக்கட்டும். என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், விடிய அதிலிருந்தே தொடங்குவான். இந்தக் கிழமை உன் முறை வருகிற நாளில் இதைக் கூட்டாளிகளிடம் சொல்லி ஆரம்பி.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு படிக்க உட்காராதே. விடுமுறைக்கு நீ வந்ததும் கட்லட் உன் கையால்தான். மீனை நான் கரையில் வாங்கி அவித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியம்மா