தென்னை நாரில் ஒரு பச்சை முயல்



பெரிய பூங்காக்களில் யானை, மான், மயில் உருவத்தில் செடிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்கு மே மாத மலர்க்காட்சி சமயத்தில் போனவர்கள் பூவால் செய்த உருவங்களையும் பார்த்திருப்பார்கள். "அதெல்லாம் பெரிய தோட்டக்காரங்க வேலை" என்று ஒதுங்க வேண்டாம். கம்பி வளைக்கத் தெரிந்தால் நாமும் செய்யலாம். இந்த மாதப் பாடத்தில் ஒன்றரை அடி உயர முயல் ஒன்று செய்யப் பழகுவோம்.

பாசிக்குப் பதில் நார்

வெளிநாடுகளில் கம்பிக்கூட்டுக்குள் ஸ்பேக்னம் என்ற பாசியை அடைத்து, அதில் செடி நடுகிறார்கள். அந்தப் பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றும் விடும். குளிர்ந்த சதுப்பு நிலத்தில் விளைவதால் நமக்கு அது விலை கூடிய பொருள்.

"கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் மரமெல்லாம் பாசிதானே, சுரண்டி வரலாமே" என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். மழையையும் பனியையும் பிடித்து வைப்பது அந்தப் பாசிதான். உரித்தெடுத்தால் மறுபடி வளர வருடக்கணக்காகும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் பொருள் எடுப்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

நம்மிடம் தென்னை இருக்கிறது. பாசி செய்யும் வேலையை நாரும் நார்க்கழிவும் செய்யும்.

தேவையான பொருட்கள்

• உருவம் வளைக்கத் தடித்த ஜி.ஐ. கம்பி, கட்டுவதற்கு மெல்லிய ஜி.ஐ. கம்பி (எளிதில் துரு ஏறாது)
• கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை
• தென்னை நார், நார்க்கழிவு, மண்புழு உரம்
• சிவப்புப் பொன்னாங்கண்ணித் தண்டுகள்
• குறடு, கையுறை

செய்முறை

1. நார்க்கழிவைச் சாக்கில் போட்டு மூன்று நான்கு முறை அலசுங்கள். புது நார்க்கழிவில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் செடி கருகும்.

2. முயல் உட்கார்ந்திருப்பது போலத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். கோட்டின் மேலேயே தடித்த கம்பியை வைத்து வளையுங்கள். முன்பக்கத் தோற்றத்துக்கு இன்னொரு கம்பி வளைத்து, இரண்டையும் குறுக்கே சேர்த்துக் கட்டுங்கள். வயிற்றுக்கும் கழுத்துக்கும் வளையம் போடுங்கள்.

3. அடியில் ஒரு அடி நீளத்தில் இரண்டு கம்பிகளை நீட்டி விடுங்கள். மண்ணில் குத்தி நிறுத்த அவை வேண்டும்.

4. வலையைச் சுற்றிக் கட்டுங்கள், முதுகில் மட்டும் திறப்பு விடுங்கள். வலையின் நுனிகளை உள்பக்கமாக மடக்குங்கள், குழந்தைகள் தொடுவார்கள். காது இரண்டு அங்குலக் கனமாவது இருக்கட்டும், மெல்லிய காது சீக்கிரம் காய்ந்துவிடும்.

5. ஊறவைத்த நாரை வலையை ஒட்டி ஒரு அங்குலத்துக்குப் பரப்புங்கள். நடுவில் நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து இறுக்கி அடையுங்கள். தளர்வாக விட்டால் முயல் தொங்கிப் போகும். பிறகு முதுகை மூடித் தையுங்கள்.

6. குச்சியால் மூன்று அங்குல இடைவெளியில் துளை போட்டு, வேர்விட்ட பொன்னாங்கண்ணியை நடுங்கள். ஹேர்பின் போல வளைத்த கம்பியால் தண்டைப் பிடித்து விடுங்கள்.

பராமரிப்பு

பத்து நாள் நிழலில் வையுங்கள், பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். தினமும் தலையிலிருந்து தண்ணீர் தெளியுங்கள், காதுக்குக் கூடுதலாக. வாரம் ஒருமுறை மண்புழு உரம் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் விடலாம். நீண்டு வரும் நுனிகளைக் கத்தரித்துக்கொண்டே இருந்தால் இலை அடர்ந்து, சுமார் இரண்டு மாதத்தில் உருவம் தெரியும். மருந்து அடிக்காத செடி என்றால் கத்தரித்த கீரை அன்றைக்குக் குழம்புக்கு ஆகும்.

கூலியையும் எழுதுங்கள்

நம்ம கைவேலைப் பொருட்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சாமான் செலவை மட்டும் எழுதி, மீதியை லாபம் என்கிறோம். ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சாமான் 400 ரூபாய். கூடு கட்டி, அடைத்து, நட ஒன்றரை நாள். நாள் கூலி 300 என்றால் 450 ரூபாய். இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரப் பராமரிப்பு என்றால் 30 மணி நேரம், 8 மணி நேர நாள் கணக்கில் 1,125 ரூபாய். ஒரு முயலின் அடக்கம் 1,975 ரூபாய்!

இதையே குழுவாகப் பத்து முயல் வைத்தால், தினமும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பராமரிப்பு முயலுக்கு 225 ரூபாய்தான், அடக்கம் 1,075. இதை 800 ரூபாய்க்கு விற்றால் கையில் 400 மிஞ்சியது போலத் தோன்றும். உண்மையில் நம் உழைப்பில் 275 ரூபாயை இலவசமாகக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் இதற்காகக் கடன் வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒன்று செய்து பள்ளி வாசலிலோ குழுக் கட்டடத்திலோ வையுங்கள். நர்சரி, ஓட்டல், கல்யாண மண்டபங்களில் காட்டுங்கள். மண்டபத்துக்கு வாடகைக்கும் விடலாம். ஆர்டர் வந்தால் பாதிப் பணம் முன்பணமாகக் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் நாரும் நார்க்கழிவும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்?
• தண்ணீர் ஊற்றும் முறையை யார் யார் எடுத்துக்கொள்வது?
• நாம் இப்போது விற்கும் பொருளின் விலையில் நம் கூலி சேர்ந்திருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.