கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போனார்

தியானப் பகுதி: மாற்கு 7:31-37



நம்ம சபையில் நாங்க எப்பவும் கடைசி வரிசையில், கதவு ஓரமா உட்காருகிறதைப் பார்த்திருப்பீங்க. "ஏன் சிஸ்டர், முன்னால வரக் கூடாதா?" என்று சிலர் அன்போடு கேட்டிருக்கீங்க. அதற்குப் பதில் இந்த வேதபகுதியில் இருக்கிறது.

என் மகனுக்கு இப்போ ஒன்பது வயசு. இரண்டு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். காது கேட்கலையோ என்று பயந்தோம். ஆனா அடுத்த ரூமில் பிஸ்கட் கவரைப் பிரிச்சா ஓடி வருவான். அவங்க அப்பா மார்க்கெட்டில் இருந்து கொண்டு வருகிற தக்காளியை வரிசையா அடுக்குவான். ஒன்று நகர்ந்தாலும் தரையில் புரண்டு அழுவான். டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஆட்டிசம். சீக்கிரமே பயிற்சியை ஆரம்பிங்க" என்றார்.

நான் ஆரம்பிக்கவில்லை. பயிற்சிக்குப் போவது அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். வெளியூரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊமை ஆவி என்றார்கள். ஸ்பீக்கர் பக்கத்திலே நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்துச் சத்தமாய் ஜெபித்தார்கள். பிள்ளை தன் கையைத் தானே கடித்து ரத்தம் வந்தது. நான் "ஆமென், ஆமென்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைப் பிடித்திருந்த கைகளில் இரண்டு என்னுடையவை.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. ஒருநாள் விடியற்கால ஜெபத்தில் மாற்கு 7-ஐ வாசித்தபோது கர்த்தர் என்னை 33-ஆம் வசனத்தில் நிறுத்தினார்.

1. ஆண்டவர் அவனைத் தனியே அழைத்துப்போனார் (வச. 33)

காது கேளாமல், பேச்சும் திக்குகிற ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். ஜனக்கூட்டம் நிறைய. ஆனால் ஆண்டவர் அவனை நடுவில் நிறுத்தி வேடிக்கை காட்டவில்லை. கூட்டத்தை விட்டு ஒதுக்கமாய் அழைத்துப்போனார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நமக்குச் சாதாரணமாயிருக்கிற சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் தாங்க முடியாத பாரமாகிறது. டிரம்ஸ் அடிக்கும்போதும் மைக் கீச்சிடும்போதும் என் மகன் காதைப் பொத்துவது ஆராதனையை வெறுப்பதால் அல்ல, வலிப்பதால். அதனால்தான் கதவு ஓரம். சத்தம் கூடும்போது வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவேன். அங்கேயும் ஆண்டவர் வருகிறார்.

2. அவனுக்குப் புரிகிற விதத்தில் பேசினார் (வச. 33)

செவிடனிடம் வாயால் பேசி என்ன பிரயோஜனம்? ஆண்டவர் அவன் காதில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார். செய்யப்போவதை அவனுக்குத் தெரிந்த பாஷையில் முதலில் காட்டினார்.

பயிற்சியும் இதைத்தான் செய்கிறது. வாரம் ஒருநாள் திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போகிறோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் படம் ஒட்டின அட்டைகளைத் தந்தார். தண்ணீர் வேண்டுமானால் தம்ளர் படத்தை எடுத்து என் கையில் தர வேண்டும். தந்தவுடனே தண்ணீர் கிடைக்கும். முதலில் அவன் கையைப் பிடித்து நாங்களே கொடுக்க வைத்தோம். கொஞ்சங்கொஞ்சமாய்ப் பிடியை விட்டோம். ஐந்தாவது வாரம் அடுப்படியில் நின்றவளிடம் அவனாகவே வந்து அட்டையை நீட்டினான். நான் அழுதுவிட்டேன். அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படாதிருங்கள். அது பேச்சுக்குத் தடை அல்ல, உதவி.

ஆக்குபேஷனல் தெரபியில் ஊஞ்சல், மாவு பிசைதல், பட்டன் போடுதல் எல்லாம் உண்டு. டீச்சரிடம் இருப்பது முக்கால் மணி நேரம். மீதி வாரம் முழுவதும் வீடுதான் பள்ளிக்கூடம். நாகமானும் ஒரே முழுக்கில் எழும்பவில்லை. ஏழு தரம் முழுகினான் (2 இராஜாக்கள் 5).

3. ஆண்டவர் பெருமூச்சு விட்டார் (வச. 34)

தாய்மாரே, பெருமூச்சு அவிசுவாசம் அல்ல. ஆண்டவரே விட்டார்.

"நீ என்ன பாவம் செஞ்சியோ" என்று கேட்டவர்கள் உண்டு. சீஷர்களும் அதையே கேட்டார்கள். ஆண்டவர் அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று மறுத்தார் (யோவான் 9:1-3). உலகமும் இப்படித்தான் பழி போட்டது. 1943-ல் லியோ கானர் என்கிற டாக்டர் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதி இதை ஆட்டிசம் என்று அடையாளம் காட்டினார். அதன்பின் பல வருஷம், தாய்க்குப் பாசம் குறைந்ததால் வருகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். அது பொய் என்று நிரூபணமாயிற்று. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-ல் வந்த கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் தள்ளிப்போட்டது. குழந்தையின் மூளை வளருகிற விதத்தில் உள்ள வித்தியாசம் இது.

4. வைத்தியமும் கர்த்தருடைய கையில்தான்

எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த கர்த்தர் அத்திப்பழப் பற்றையும் போடச் சொன்னார் (ஏசாயா 38). நம்ம ஊர் கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரியை 1955-ல் டாக்டர் ஏ.கே. தாரியனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊழியமாகத்தானே ஆரம்பித்தார்கள்?

ஆகவே கிடைக்கிற உதவியை விட்டுவிடாதிருங்கள். சின்னப் பிள்ளையானால், மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தைக் கேளுங்கள். பள்ளி வயதானால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைப் பாருங்கள். 2016-ஆம் வருஷச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். 1999-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் சேர்த்து, பெற வழியுண்டு. வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரே பிள்ளையோடு தங்கிப் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம்.

5. அவனைக் கொண்டுவந்தவர்கள் (வச. 32)

அவன் தானாக வரவில்லை, கொண்டுவந்தார்கள். தேவ ஜனமே, இது நம் பங்கு.

- கேட்காமல் பிள்ளையின் தலையைப் பிடிக்காதிருங்கள். தூரத்தில் கை நீட்டி ஜெபித்தாலும் கர்த்தர் கேட்கிறார்.
- அவன் கத்தினால் தாயை முறைக்க வேண்டாம். பையையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.
- பயிற்சி நாளில் மூத்த பிள்ளையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர ஒருவர் வந்தாலே பெரிய ஊழியம்.
- கதவு ஓரத்து ஸ்பீக்கரைத் திருப்பி வைத்த வாலிபத் தம்பிகளே, உங்களுக்கு ஸ்தோத்திரம்.

வேதத்தில் அந்த மனுஷன் உடனே செவ்வையாய்ப் பேசினான். என் மகன் இன்னும் பேசவில்லை. தினமும் கேட்கிறேன், கேட்பதை நிறுத்தப்போவதில்லை. பயிற்சியையும் நிறுத்தப்போவதில்லை.

போன மாசம் ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். சபைக்குப் போக வேண்டாம் என்று படுத்துவிட்டேன். அவன் அட்டைப் பெட்டியைக் கிளறி, நம்ம சபைப் படத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தான். எழுந்து புறப்பட்டேன்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் அவசரத்தால் காயப்பட்ட பிள்ளைகளைக் குணமாக்கும். அவர்களைத் தனியே அழைத்துப்போகிற பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென். அல்லேலூயா!