நெய்தல் நிலத்தின் வெண்ணிற விளைச்சல்
(பழவேற்காட்டுக் கழிக்கரையும் உப்பள மரபும்)

முன்னுரை

நெய்தல் நிலத்து மக்களின் தொழில்களாக மீன்பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் இணைத்தே கூறுவது நம் இலக்கண மரபு. மீன்தொழிலுக்கு வலையும் படகும் இன்றும் சான்றாக நிற்கின்றன. உப்பு விளைந்த நிலங்களோ நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. வகுப்பறையில் 'அளம்', 'உமணர்' என்னும் சொற்களுக்குப் பொருள் கேட்டால் மாணவர் அகராதியைத் தேடுகின்றனரேயன்றி நிலத்தைத் தேடுவதில்லை. அந்நிலத்தை ஒரு பாடநூலாகவும் மரபுச் செல்வமாகவும் காணலாகாதா என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் உப்பு

உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்ற வணிகரே உமணர். அவர்தம் குடும்பம் வழியிலேயே வாழ்ந்தது. அவர்கள் வளர்த்த குரங்கு, உமணச் சிறாரோடு விளையாடும் காட்சியைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. வெள்ளுப்பை விற்று நெல்லைக் கொண்டு திரும்பிய படகுகளைப் பட்டினப்பாலை பாடுகின்றது. கடற்கரைக்கும் மருதத்திற்கும் உறவுப் பாலமாய் உப்பு விளங்கியமை இவற்றால் புலனாகும்.

நிலமும் வரலாறும்

பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெருமை உடையது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குக் கோட்டை எழுப்பினர். அவர்களுடைய பழைய கல்லறைகளும், முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் பள்ளிவாசல்களும், மீனவர் குப்பங்களும் இன்றும் அருகருகே உள்ளன.

இதற்குத் தெற்கே எண்ணூர்க் கழி வரை, அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் உப்பளங்கள் பரந்திருந்தன. 1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. மறு ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பெற்ற கால்வாய், பின்னர்ப் பழவேற்காட்டு ஏரி வழியே வடக்கு நோக்கி நீண்டு பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதன் வழியே நகரை அடைந்தன. சென்னையில் 'சால்ட் கோட்டர்ஸ்' என வழங்கும் இடப்பெயர், சேமிப்புக் கிடங்கைக் குறிக்கும் 'கொட்டாரம்' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபே என்பர். நிலம் மறைந்தும் சொல் நின்றது!

உப்பு விளையும் முறை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. கழிநீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிற் காயவைப்பர். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது உப்பு படிகமாகத் தொடங்கும். எஞ்சும் கைப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிடாவிடில் உப்பு கசக்கும். ஞாயிறும் காற்றும் உழைப்பும் கூடிய வேளாண்மை இது. ஒருநாள் மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும்.

மறைவும் மீட்பும்

வடசென்னை அனல்மின் நிலையம் 1994ஆம் ஆண்டிலும், எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. இத்தகைய பெருந்தொழில்களின் வளர்ச்சியில் உப்பளங்கள் பல மறைந்தன. மின்சாரமும் வாணிகமும் நாட்டிற்குத் தேவையே. ஆயினும் ஒரு நிலத்தின் அறிவு முழுவதையும் அழித்துத்தான் அவற்றைப் பெறவேண்டுமா?

பிரான்சின் கெராந்து, சுலோவேனியாவின் செச்சோவ்ளே ஆகிய இடங்களில் மரபு உப்பளங்களைக் காத்து, உப்பு விளைவதைப் பயணியர் நேரிற் காண வகைசெய்துள்ளனர். நம் நாட்டிலோ, 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் உப்பெடுத்த வேதாரணியத்தில் நினைவுத்தூண் நிற்கின்றது. தூண் போற்றத்தக்கது. பாத்தியும் போற்றத்தக்கதன்றோ?

எஞ்சிய அளம் ஒன்றையேனும் காத்து, கோட்டையிருந்த இடம், கல்லறை, பள்ளிவாசல், கால்வாய், பூநாரைகள் இறங்கும் ஏரி ஆகியவற்றோடு இணைத்துக் கல்விப் பயணம் அமைக்கலாம். எவர் எந்நாளில் எங்கே வலையிடுவது என முறைவைக்கும் மீனவரின் 'பாடு' மரபையும், முஸ்லிம் பெண்டிரின் பனையோலைப் பின்னலையும் அங்கேயே மாணவர் கற்கலாம். ஆனால் ஒன்று: கரையில் விடுதிகள் எழ, கரைக்குரியோர் வெளியேறும் நிலை வருமாயின் அது மரபுக் காப்பு ஆகாது. வழிகாட்டும் உரிமையும் வரும் வருவாயும் முதலில் அவர்களைச் சேர்தல் வேண்டும்.

முடிவுரை

கொளுத்தும் வெயிலில் கண்கூச நின்று உழைத்தவர்களின் சொற்களை, அவர்கள் உள்ளபோதே நம் மாணவர் கேட்டெழுதுதல் வேண்டும். நெய்தல் திணை ஏட்டில் வாழ்வது மட்டும் போதாது, மண்ணிலும் வாழவேண்டும். அதற்கு இத்தமிழ்த்துறை முதலடி எடுத்து வைக்குமாயின் அதுவே நாம் உப்பிட்டவர்க்குச் செலுத்தும் நன்றியாகும்.